கழுவாத அரிவாள்

என் ரத்தம் ஓ வகை என்பது எனக்கு இருபத்து நான்காம் வயதிலேயே தெரியும். எங்கள் தெருவில் அப்போது வேறு யாருக்கும் தன் ரத்தம் என்ன வகை என்று தெரியாது. ரத்தத்தில் வகை உண்டு என்பதே தெரியாது. வெட்டுப்பட்டால் வரும், நிற்காவிட்டால் புகையிலையை வைத்துத் துணி சுற்ற வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மட்டும் ஒரு கொலை வழக்குக்காக அரசாங்கம் பார்த்துச் சொன்னது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். பேச்சு குறைவு. கடையில் போய் நின்றால் கடைக்காரர் 'என்ன வேணும்' என்று கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். இந்த விஷயத்தையும் இத்தனை காலம் பேசாமல் வைத்திருந்தேன். அண்ணனும் இல்லை, அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி இதை வைத்து யாரும் அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாயவரத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது. ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் ஒரே மிராசுதாருடையது. அதில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் குத்தகை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் உழுதார். நான் அவர் கூடவே இருந்தேன். உழுகிறவனை நிலத்திலிருந்து எழுப்பக் கூடாது, குத்தகையைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. கூட்டம் போட்டு மைக்கில் சொன்னார்கள். அண்ணன் நாலு தடவை நடந்து பதிந்துவிட்டு வந்தார். மிராசுதார் பட்டணத்தில் இருந்தார். ஊரில் அவருக்காக எல்லாம் பார்த்தவர் ஒரு காரியஸ்தர். பதிவைக் கேள்விப்பட்ட அன்று அவர் டீக்கடையில் உட்கார்ந்து, "காயிதம் ஆபீசுல இருக்கட்டும். நெல்லு வயல்லதான இருக்கு?" என்றார்.

அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது. வெளியூர் ஆளை இறக்கி எங்கள் சம்பாவை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டால், நிலம் பண்ணைச் சாகுபடி என்று ஆகிவிடும். எவன் அறுக்கிறானோ அவன் பயிரிட்டவன் என்றுதான் விசாரணைக்கு வருகிறவர்கள் எழுதுவார்கள். அறுப்பு கை மாறினால் நிலமும் கை மாறும். அதனால் தை மாதத்தில் ஒரு நாள், அவர்கள் வருவதற்கு முன்பே, பொழுது விடியும்போது நாங்கள் வயலில் இறங்கினோம். தெருவில் பதின்மூன்று ஆண்கள், எட்டு ஒன்பது பெண்கள். செங்கொடி ஒன்றை மூங்கிலில் கட்டி வரப்பில் நட்டிருந்தார்கள்.

பயத்தில் எல்லோரும் வேகமாக அறுத்தோம். நான் அதிக வேகமாக அறுத்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்காது, நெல் அரியைப் பிடித்த இடது கையின் சுண்டு விரலில் அரிவாள் இறங்கிவிட்டது. கருக்கரிவாளுக்குப் பொடிப் பொடியாகப் பல் உண்டு. கத்தி வெட்டும், இது அறுக்கும். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் அரிவாள் முழுக்க வழிந்து பிடிவரைக்கும் வந்தது. அண்ணி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார்.

"கையப் பாக்காம எங்கடா பாத்த?" என்றார் அண்ணன்.

"ரோட்டப் பாத்தேன்" என்றேன்.

"ரோட்ட நான் பாத்துக்கறேன். நீ போயி அருவாள வச்சிட்டு வா. கட்டுத் தூக்கு."

வீட்டுக்குப் போய் அரிவாளை வைக்கோலால் துடைத்துக் கூரையில் செருகினேன். கழுவவில்லை. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுப்பு தொடங்கினால் முடியும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் கருக்கரிவாளைக் கழுவ மாட்டார்கள். கொல்லன் வைத்துக் கொடுக்கும் பல் ஒரு அறுப்புக்குத்தான் வரும். தண்ணீர் பட்டுத் துரு ஏறினால் அதுவும் வராது. தாளின் சாறு கறுத்துக் காய்ந்து இரும்பின் மேல் ஒரு தோல் மாதிரிப் படிந்துவிடும். அந்தக் கறைதான் இரும்பைக் காப்பாற்றும். கை அறுபட்ட அரிவாள் என்றால் இன்னும் கண்டிப்பு. கழுவினால் அது மறுபடியும் கை கேட்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் செய்வதைச் செய்தேன்.

நான் திரும்பி வந்தபோது காரியஸ்தர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. பின்னால் பதினைந்து பேருக்குக் குறையாமல் வெளியூர் ஆட்கள், தடியும் அரிவாளுமாக.

"யாரக் கேட்டுடா எறங்குனீங்க?"

"பதிவு இருக்குங்கய்யா" என்றார் அண்ணன். குனிந்த முதுகு நிமிரவில்லை. அறுத்துக்கொண்டே சொன்னார்.

"பதிவு இருக்கா? அப்ப அந்தக் காயிதத்தாலயே அறுடா. அருவா எதுக்கு?"

அவர் ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண், "உங்க குடையாலயே அறுத்துக் காட்டுங்க, பாப்போம்" என்றாள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை அவருக்கு. "அள்ளி வாய்க்கால்ல போடுங்கடா" என்று கத்தினார்.

அவர்கள் இறங்கி, அறுத்துப் போட்டிருந்த அரிகளை வாரி வாய்க்காலில் வீச ஆரம்பித்தார்கள். மதகுப் பக்கம் கைகலப்பு தொடங்கியது. தடி மண்டையில் விழும் சத்தம் தேங்காய் உடைக்கிற மாதிரித்தான் இருக்கும். இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் எங்கள் ஆள், ஒருவர் அவர்கள் ஆள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

அண்ணி தலையில் ஒரு கட்டோடு களத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். காரியஸ்தர் வரப்பில் வழி மறித்துக் கட்டைப் பிடித்து இழுத்தார். அண்ணி விடவில்லை. கழுத்து முறுக்கிக்கொண்டு கட்டோடு கீழே விழுந்தார். விழுந்தும் கட்டை விடவில்லை. குடையைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் அவர் அண்ணியின் வாயில் அடித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. முன்பல் உடைந்து அண்ணி துப்பியதை நான் பார்த்தேன்.

அண்ணன் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. காரியஸ்தரின் காதுக்குக் கீழே அரிவாளைக் கொக்கியாகப் போட்டு இழுத்தார். நெல்லை அறுப்பது எப்படியோ அப்படி, தன்னை நோக்கி. ரத்தம் அடித்த வேகத்தில் பக்கத்தில் நின்ற கதிர்கள் சாய்ந்தன. காரியஸ்தர் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். விரல்களுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது. பிறகு முழங்கால் மடங்கி, அறுக்காத பயிருக்குள் விழுந்தார். நான் நாலு அடி தள்ளி நின்றேன். என்னைத் தவிர அதை முழுதாகப் பார்த்தவர் அண்ணி மட்டும்தான்.

அவர் ஆட்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் கிடந்தார், சுற்றிலும் அரிவாளோடு எங்கள் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். யார் வெட்டியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோட்டைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது.

அண்ணன் அரிவாளைப் பிடித்தபடி நின்றார். அண்ணி எழுந்து வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அரிவாளை வாங்கினார். வாயில் ரத்தம் வழிய, அதைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். கொல்லைப் பக்கம் உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அரிவாளைத் தேய்த்தார். பல்லுக்குப் பல் நகத்தால் சுரண்டினார். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். தேய்க்கத் தேய்க்க இரும்பு வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கடையில் தொங்குகிற புது அரிவாள் மாதிரி மின்னியது. அதைக் கூரையில் செருகினார்.

அறுப்பு நேரத்தில் கழுவக் கூடாதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"நீ ஒண்ணும் பாக்கல தம்பி" என்றார் அண்ணி. பல் போன வாயில் காற்று போனது.

"இல்ல அண்ணி" என்றேன்.

மத்தியானம் இரண்டு வேனில் போலீஸ் வந்தது. தெருவின் இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்தார்கள். பானைகளை உடைத்தார்கள். அடுப்பில் இருந்த கஞ்சியை உதைத்தார்கள். படுத்திருந்த கிழவர் ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் எழ முடியாமல் இருக்க, படுத்தபடியே அடித்தார்கள். கூரையில் செருகியிருந்த அரிவாளை எல்லாம் உருவிக் குவித்தார்கள். எங்கள் ஊர்த் தலையாரியை, அவரும் எங்கள் தெருக்காரர்தான், எனக்கு மாமா முறை, கூடவே இழுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு அரிவாளின் பிடியிலும் யாருடையது என்று சீட்டு எழுதிக் கட்ட வைத்தார்கள். மாமா குனிந்து ஒவ்வொன்றாக எழுதிக் கட்டினார். நாங்கள் பதின்மூன்று ஆண்கள் வேனில் ஏற்றப்பட்டோம். ஏறும்போதும் அடித்தார்கள்.

இருபத்துமூன்று அரிவாளில் ரத்தம் இருந்தது ஒன்றில்தான். அது என்னுடையது.

ஸ்டேஷனில் என்னை மட்டும் தனியாக வைத்தார்கள். பெஞ்சில் குப்புறப் போட்டு, ஒருவர் முதுகில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் உள்ளங்காலில் லத்தியால் அடித்தார். காலில் அடித்தால் வலி தலையில் தெரியும் என்று அன்று கற்றுக்கொண்டேன். அன்று முழுக்க நான் எதுவும் சொல்லவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பேச வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேசையில் என் அரிவாள்.

"இது யார்து?"

"என்துங்க."

"ரத்தம்?"

"அதுவும் என்துங்க. கை அறுந்து போச்சு."

"கொல பண்ண எவன்டா அடுத்தவன் ரத்தம்னு சொல்லியிருக்கான்?" என்று சிரித்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லி விரலைப் பார்த்தார். பிறகு பூட்ஸ் காலால் அந்தக் கையைத் தரையோடு அழுத்தினார். "அவரு கழுத்த அறுக்கும்போது உன் வெரலும் மாட்டிக்கிச்சு. அதான?"

"இல்லீங்க."

"உன் ரத்தம்னா, யோக்கியன்னா, கழுவி வச்சிருக்க வேண்டியதான? ஏன்டா கழுவல?"

அப்போது எனக்குப் பேச்சு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்டதற்கு மேலேயே பேசினேன். துரு ஏறும் என்றேன். கறை இருந்தால்தான் பல் நிற்கும் என்றேன். கை கேட்கும் என்பதையும் சொன்னேன். விரல் பூட்சுக்குக் கீழே இருந்தது.

"அறுப்பு முடியிற வரைக்கும் எங்கள்ல ஒருத்தரும் கழுவ மாட்டோம்ங்கய்யா. வேணும்னா மத்த அருவாளயெல்லாம் எடுத்துப் பாருங்க. எல்லாம் கறையோடதான் இருக்கும்."

அவர் காலை எடுத்தார். "எல்லாத்தையும் கொண்டாய்யா" என்றார் ஏட்டையாவிடம்.

வெளி வராந்தாவில் அரிவாளை எல்லாம் வரிசையாகப் பரப்பினார்கள். தரையில் கிடந்தபடியே எனக்கு அது தெரிந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தது. இருபத்தொன்று கறுப்பு. என்னுடையது மேசையில். ஒன்று மட்டும் வெயிலைப் பிடித்துச் சுவரில் அடித்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து சீட்டைப் படித்தார். அண்ணன் பேரைச் சொன்னார்.

அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அதன் பிறகு அங்கிருந்து வந்த சத்தம் எனக்கு மத்தியானம்வரை கேட்டது.

ஒரு வாரம் கழித்து எங்கள் இருவரையும் ரத்தம் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரே சங்கிலியில் இரண்டு பேர். அண்ணனின் முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. ரத்தம் எடுத்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். எங்களை ஸ்டூலில் உட்காரச் சொன்னார், "இப்படி வாங்க" என்று சொன்னார். பிடித்த நாளிலிருந்து எங்களிடம் யாரும் அப்படிப் பேசியிருக்கவில்லை.

ஊசியில் எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டாக வைத்தார். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து விட்டுக் குச்சியால் கலக்கி, சில்லை மெல்ல ஆட்டினார்.

"என்னாங்க பாக்குறீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"திரியுதான்னு பாக்குறேன். பால் திரியிற மாதிரி. நீலத்துல திரிஞ்சா ஏ வகை. மஞ்சள்ல திரிஞ்சா பி. ரெண்டுலயும் திரியலன்னா ஓ. அடிபட்டவனுக்கு ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி இதப் பாத்தாகணும். சேராத ரத்தத்த ஏத்துனா உள்ளுக்குள்ளயே திரிஞ்சு ஆளு செத்துருவான்."

"எங்களுக்கு ஏத்தப் போறீங்களா?"

அவர் கூட வந்த போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இது கோர்ட்டுக்கு. செத்தவரோட ரத்தம் பி. அருவாள்ல இருக்கறது என்னன்னு மெட்ராஸ்ல பாப்பாங்க."

என் ரத்தம் இரண்டிலும் திரியவில்லை. அண்ணன் ரத்தமும் திரியவில்லை. சில்லில் சிவப்புத் தண்ணீராக அப்படியே நின்றது. "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஓ" என்று எழுதினார்.

"அருவாள்ல இருக்கற ரத்தம் இன்னார்துன்னு சொல்லிருமாங்க?" என்று நான் கேட்டேன்.

"இன்னார்து இல்லன்னு சொல்லும். இன்னார்துன்னு சொல்லாது. பி வகை ஊருக்குள்ள எவ்வளவோ பேருக்கு இருக்கும்."

"என் அருவாளத்தான் கழுவியாச்சே" என்று அண்ணன் என் காதில் சொன்னார். சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. "உன்துலயும் உன் ரத்தம்தான் இருக்கு. ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணனுக்குத் தெரியவில்லை. அவரை ஏன் பிடித்தார்கள், அவர் அரிவாளை ஏன் தனியே எடுத்தார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். "எவனோ சொல்லியிருக்கான்டா" என்பார். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராசில் அண்ணன் அரிவாளின் மரப்பிடியைத் தட்டிக் கழற்றினார்கள். பிடிக்குள் இறங்கும் இரும்பு வாலில் ரத்தம் காய்ந்து இருந்தது. சாம்பலும் நாரும் அங்கே போகவில்லை. மனித ரத்தம், பி வகை என்று எழுதி வந்தது. என்னுடையதில் மனித ரத்தம், ஓ வகை. நான் சொன்னது உண்மை என்று ஆயிற்று. என்னை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் மேல் அடிதடி வழக்கு மட்டும் போட்டு ஜாமீனில் விட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் என்னைத் தப்ப வைத்தது, ஒரு சொட்டு ரத்தம் அண்ணனைப் பிடித்தது. அரிவாளைக் காட்டிக் கொடுத்தது மட்டும் நான்.

அந்த வருஷம் அண்ணியும் நானும் ஒன்பது மாவையும் பயிர் பண்ணினோம். அண்ணி என்னிடம் நன்றாகத்தான் இருந்தார். எனக்குச் சோறு போடும்போது, "அவருக்கு உள்ள என்னா போடறானுவளோ" என்பார். நான் குனிந்து தின்பேன். தெருவில் எல்லோரும் தலையாரி மாமாதான் காட்டிக் கொடுத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சீட்டு எழுதியவர் அவர். கோர்ட்டில் கூண்டில் ஏறி, 'நான்தான் கட்டினேன்' என்று சொன்னவரும் அவர். அவர் வீட்டு வாசலில் யாரும் உட்காரவில்லை. அவர் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தையில் அறுப்பு வந்த வாரமே தீர்ப்பும் வந்தது. 'தீர்ப்புன்னு அறுப்ப விட்டுட்டு யாரும் வரக் கூடாது. ஒரு நாள் வயல் சும்மா கெடந்தா எறங்கிருவானுவ' என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் கோர்ட்டுக்கு எங்கள் ஆள் யாரும் போகவில்லை. சாட்சிக்காரர் என்பதால் தலையாரி மாமா மட்டும் போனார்.

பிற்பகலில் அவர் சைக்கிளில் வருவதைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்தார்கள். சைக்கிளை மதகில் சாத்திவிட்டு வரப்போடு நடந்து வந்தார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆயுள்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார் அண்ணியிடம்.

அண்ணி அப்படியே உட்கார்ந்தார்.

"வந்து சொல்றதுக்கு உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?" என்றார் ஒருவர். "சந்தோசமா? மிராசு எவ்வளவு குடுத்தான்?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலப்பா. கட்டச் சொன்னான், கட்டுனேன்."

முதல் அடி பின்னாலிருந்து விழுந்தது. கட்டு சுமக்கிற கழியால். மாமா குப்புற விழுந்தார். அறுத்த வயலில் தாள்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். முகத்தை அதில் வைத்துத் தேய்த்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். எனக்குப் பொங்கலுக்குக் கரும்பு ஒடித்துக் கொடுத்தவர்கள். "எந்தக் கையால எழுதுன?" என்று கேட்டு, ஒருவர் அவர் வலது கையை இழுத்து வரப்பில் வைத்தார். இன்னொருவர் கழியை ஓங்கினார்.

"நான் சொன்னேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படி. ஓடிப் போய் அந்தக் கையின் மேல் விழுந்தேன். ஓங்கிய கழி என் தோளில் இறங்கியது.

"நாந்தான்! நாந்தான் சொன்னேன்! நாங்க யாரும் கழுவ மாட்டோம்னு இன்ஸ்பெக்டர்கிட்ட நாந்தான் சொன்னேன். எல்லா அருவாளயும் பாத்தான். ஒண்ணு மட்டும் கழுவியிருந்துச்சு!"

சத்தம் நின்றது. நான் அண்ணியைத்தான் பார்த்தேன். அவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் புரிந்தது. சொன்னது நான். கழுவியது அவர். மூன்று குடம் தண்ணீர், சாம்பல், நகத்தால் சுரண்டிய ஒவ்வொரு பல்லும் அவர் முகத்தில் வந்து போவதை நான் பார்த்தேன்.

"ஒரு வருசம் எங் கையால தின்னியே" என்றார்.

எழுந்தார். கையில் அறுத்துக்கொண்டிருந்த அரிவாள் இருந்தது. நான் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். அரிவாள் முழங்கைக்குக் கீழே விழுந்து, அவர் இழுத்த இழுப்பில் மணிக்கட்டுவரை திறந்துகொண்டது. இரண்டாவது தடவை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார். என் ரத்தம் அவர் முகத்தில் அடித்திருந்தது.

என் கையைப் பிடித்து முதலில் கட்டியவர் தலையாரி மாமா. வாயும் மூக்கும் ரத்தமாக இருந்த அவர், தன் தலைத்துண்டை என் முழங்கைக்கு மேல் முறுக்கிக் கட்டினார். "புடிங்கடா, தூக்குங்கடா" என்று, தன்னை அடித்தவர்களையே அதட்டினார். அவர்களும் தூக்கினார்கள்.

அண்ணி அரிவாளோடு வாய்க்காலைப் பார்த்து நடந்தார். அவர் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணி" என்றேன். "கழுவாதீங்க. வைக்கோல்ல தொடச்சிட்டுக் கூரையில செருகுங்க."

அவர் நின்றார். திரும்பவில்லை.

மாமா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, என் நல்ல கையைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ரோடுவரை மிதித்தார். அங்கிருந்து ஒரு லாரி. அதே பெரிய ஆஸ்பத்திரி. நர்ஸம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"அறுப்புல பட்டுருச்சுங்க" என்றேன்.

"உங்களுக்கு?"

"வரப்புல வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றார் மாமா. முகம் முழுக்கத் தாள்கட்டை குத்திய புள்ளிகள்.

"நல்ல ஊருதான். அறுக்கத் தெரியாதவன் ஒருத்தன், நடக்கத் தெரியாதவன் ஒருத்தன்" என்றார் நர்ஸம்மா. மேலே கேட்கவில்லை.

தையல் போட்டார்கள். ரத்தம் நிறையப் போய்விட்டது, ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். ரத்தம் எடுக்க வந்தவர் அதே கண்ணாடிக்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எனக்கு ஓ-ங்க" என்றேன்.

"தெரியும். நான்தான பாத்தேன். தெரிஞ்சாலும் மறுபடி பாக்கணும்" என்று ஊசியைக் குத்தினார். "போன தடவ கோர்ட்டுக்குப் பாத்தேன். இந்தத் தடவ உனக்குப் பாக்குறேன்."

மாமா தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏங்கிட்ட எடுத்துக்குங்க சார்." கண்ணாடிக்காரர் அவர் ரத்தத்தையும் சில்லில் விட்டு ஆட்டினார். மஞ்சள் மருந்தில் அது சிவப்பு மணலாகத் திரிந்தது. பி. எனக்கு ஆகாது. செத்துப்போன காரியஸ்தரின் அதே ரத்தம் எங்கள் தெருவில், மாமாவின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. இவரும் அந்த வரப்பில் அன்று விழுந்திருந்தால் அந்தப் பிடிக்குள் இருந்த ரத்தம் யாருடையது என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரி வெளியே போய் நின்றார்.

கடைசி வெயில் ஜன்னலில் இருக்கும்போது அண்ணி வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். முகத்தைக் கழுவியிருந்தார், கால் சேறு அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே கண்ணாடிக்காரரிடம் போய்க் கையை நீட்டினார்.

"பாருங்க" என்றார்.

நீலத்திலும் திரியவில்லை, மஞ்சளிலும் திரியவில்லை. அதோடு விடாமல் அவர் ரத்தத்தில் ஒரு சொட்டையும் என் ரத்தத்தில் ஒரு சொட்டையும் ஒன்றாகச் சேர்த்து அந்த மனிதர் வெகு நேரம் வைத்துப் பார்த்தார். நானும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். திரியும் என்றுதான் நான் நினைத்தேன். திரியவில்லை.

"சேருது" என்றார். "படுங்கம்மா."

பக்கத்துக் கட்டிலில் அண்ணி படுத்தார். ஊசி ஏறியது. பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து நிறைந்தது. அதைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் தொங்கவிட்டார்கள். கை வழியாக ஒரு குளிர் ஏறியது. இந்த ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பவும் இல்லை, கோர்ட்டில் வைக்கவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்குத்தான் என்று அந்த மனிதர் முதல் நாளே சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அறையில் யாரும் இல்லாதபோது அண்ணி கூரையைப் பார்த்தபடி பேசினார். பல் இல்லாத இடத்தில் காற்று போனது.

"கழுவல" என்றார். "கூரையிலதான் இருக்கு."